செருப்புக் காவல்

ஜூன் 8

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் அண்ணியும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், உன் லேபில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும் பல் செட்டுகளும் சௌக்கியம்தானே?

இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் மைதானத்துக் குரலில் கத்துவேன், நீ ஃபோனைக் காதிலிருந்து எடுத்துத் தூர வைப்பாய், பாதி விஷயம் காற்றில் போகும். அதனால்தானே பெரிய விஷயம் என்றால் கடிதம் என்று நமக்குள் வைத்துக்கொண்டோம். இது பெரிய விஷயம். உட்கார்ந்து படி.

பள்ளிகளில் உடற்கல்வியை எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்குப் புதிதாக ஒரு கையேடு வரப்போகிறது. அதை எழுதும் பொறுப்பை எங்கள் பயிற்சிக் கல்லூரிக்குக் கொடுத்திருக்கிறார்கள். கல்லூரிக்கு என்றால் யாருக்கு? உன் அண்ணனுக்கு! உத்தரவு வந்த அன்று கல்லூரி முதல்வர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததே கிடையாது. டிராக் சூட்டும் மண்ணுமாகப் போகிறவனை யார் உட்காரச் சொல்வார்கள்?

நம் காலத்து பி.டி. பீரியட் உனக்குத் தெரியாததா? வாத்தியார் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நிழலுக்குப் போய்விடுவார். ஆடத் தெரிந்த நாலு பேர் ஆடுவோம், மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். மழை வந்தால் அந்தப் பீரியடும் கணக்குக்குப் போய்விடும். அதையெல்லாம் மாற்றப் போகிறோம். என்னிடம் இப்போது வாத்தியார் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லோருமே மெடல் வாங்கியவர்கள். ஓட்டக்காரி ஒருத்தி இருக்கிறாள், சூறாவளி என்று பெயர் வைத்திருக்கிறோம். அவள் ஓடி முடித்துத் தண்ணீர் குடிக்கும்போதுதான் மற்றவர்கள் பாதி தூரம் வந்திருப்பார்கள். ஆனால் ஓடத் தெரிந்தால் போதுமா, நாற்பது பிள்ளைகளை ஓட வைக்கத் தெரிய வேண்டுமே. அதற்குத்தான் நான் இருக்கிறேன்.

செப்டம்பரில் மாதிரி வகுப்பு. பக்கத்துப் பள்ளியின் ஆறாம் வகுப்பை வரவழைத்து, என் மாணவர்கள் எங்கள் மைதானத்தில் பாடம் நடத்த வேண்டும். கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். அவர்கள் தலையாட்டினால் கையேடு அச்சுக்குப் போகும், அப்புறம் எல்லாப் பள்ளிகளுக்கும் போகும்.

கையேட்டில் உனக்காகவே ஒரு பத்தி எழுதியிருக்கிறேன், கேள். "ஓட இயலாத மாணவரை வகுப்பறையில் விட்டுவிடக் கூடாது. அவரையும் மைதானத்துக்கு அழைத்து வந்து ஸ்கோர் எழுதும் பொறுப்பைத் தர வேண்டும். விசிலும் தரலாம்." எப்படி? எழுதும்போது உன் முகம்தான் கண்ணில் நின்றது. நம் பள்ளியில் உன்னைப் போல ஸ்கோர் எழுத ஆள் ஏது? ஒரு புள்ளி தவறாதே. அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நீ என்ன நினைக்கிறாய் என்று உடனே எழுது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். காலைப் பார்த்துக்கொள். படியில் அவசரப்படாதே.

அன்புடன்,
உன் அண்ணன்


ஜூன் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தை லேபிலேயே பிரித்தேன். கையில் மெழுகு ஒட்டியிருந்ததால் முதல் பக்கத்தில் என் கட்டைவிரல் பதிந்துவிட்டது. "எங்க அண்ணன் எழுதுற புஸ்தகம்தான் சார் இனிமே எல்லா ஸ்கூல்லயும்" என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்ப பிள்ளைங்க நல்லா ஓடும், நல்லா விழும், பல்லு உடையும். நமக்கு நல்ல காலம்தான்மா" என்றார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெரியவருக்குக் கட்ட வேண்டிய கீழ்ப்பல் செட்டை இன்னொருவர் அச்சில் வைத்துப் பார்த்து, ஏன் பொருந்தவில்லை என்று விழித்தேன்.

பெருமையைச் சொல்லிவிட்டேன். இனிச் சண்டை.

அந்தப் பத்தியை எடுத்துவிடு.

நான் ஸ்கோர் எழுதியது உனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்னால் என்ன செய்தேன்? செருப்பு காத்தேன். வகுப்பே செருப்பைக் கழற்றி என் முன்னால் குவித்துவிட்டு ஓடும். வாட்ச், வளையல், தலையில் குத்தியிருந்த கிளிப் எல்லாம் என் மடிக்கு வந்துவிடும். எது யாருடைய செருப்பு, யாருக்குக் குதிகால் தேய்ந்திருக்கிறது, யாருக்கு வார் அறுந்திருக்கிறது, எல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தத் திறமையைப் பார்த்துத்தான் வாத்தியார் என்னை ஸ்கோருக்கு உயர்த்தினார். பதவி உயர்வு! மரம் அதே மரம், உட்கார்ந்த கல் அதே கல். ஒரு புள்ளி தவறாமல் எழுதினேன் என்கிறாயே, வேறு வேலை என்ன இருந்தது எனக்கு?

பீரியட் முடிந்ததும் எல்லோரும் தண்ணீர்க் குழாய்க்கு ஓடுவார்களே. முகம் சிவந்து, தலை கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு. எனக்குத் தாகமே எடுத்திருக்காது. எப்படி எடுக்கும்? இருந்தாலும் நானும் போய் நின்று வயிறு முட்டக் குடிப்பேன். அவர்களில் ஒருத்தி என்று காட்டிக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

என் வலது கையை நீ சரியாகப் பார்த்திருக்கிறாயா அண்ணா? கோலை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி நடந்து வந்த கை. லேபில் யாராலும் திறக்க முடியாத டப்பாவை என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அந்தக் கைக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தது ஒரு பென்சில்.

இப்போது நீ இதை எல்லாப் பள்ளிக்கும் அனுப்பப் போகிறாய். எல்லா மைதானத்திலும் ஒரு மரம் இருக்கும். அதன் கீழே ஒரு பிள்ளையை உட்கார வைத்து, விசிலையும் கொடுத்து, நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று எல்லோரும் கை கழுவிவிடுவார்கள். உன் தங்கையை நினைத்து அதைச் செய்ய வேண்டாம்.

அண்ணியின் கண்ணைத் துடைத்துவிடு. அவர் பாவம், நல்ல மனசு. "உங்க அண்ணனுக்கு இப்படியா எழுதுவே?" என்று இவர் கேட்டார். அண்ணனுக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது?

உன் தங்கை


ஜூன் 25

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணியிடம் காட்டவில்லை.

காலையில் பள்ளிக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவன் நான். மழை பெய்தால் என் சட்டையைக் கழற்றி உன் தலையில் போட்டவன். உன்னைக் கேலி செய்த பையனின் மூக்கை உடைத்து, அதற்காக மூன்று நாள் வகுப்புக்கு வெளியே நின்றவன். ஆசையாக ஒரு பத்தி எழுதினால் அதற்கு இவ்வளவா?

நடக்கிற காரியத்தைத்தான் எழுத முடியும். நாற்பது பிள்ளைகள், ஒரு வாத்தியார், ஒரு பந்து. ஓட முடியாத பிள்ளையை ஓட்டத்தில் சேர்த்து அது விழுந்தால் யார் பதில் சொல்வது? பல் லேபில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம்.

பத்தி அப்படியேதான் இருக்கும்.

அண்ணன்


ஜூலை 21

என் அருமைத் தங்கைக்கு,

நீ பதில் போடவில்லை. ஃபோன் செய்தால் மாப்பிள்ளை எடுத்து, "அவ குளிக்கிறா மாமா" என்கிறார். இத்தனை நாளாகவா குளிக்கிறாய்?

நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி. கோபத்தில் ஆரம்பித்ததுதான். மரத்தடியில் உட்காருவது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை என்று உனக்குக் காட்ட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். ஒரு காலையில் சூறாவளியிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டு, மைதான ஓரத்தில் மரத்தடிக் கல்லில் போய் உட்கார்ந்தேன். "பீரியட் முடியற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன். எல்லாரும் ஷூவைக் கழட்டி இங்க வைங்க" என்றேன். மகராசன்கள், வைத்தார்கள். அந்த நாற்றத்தைப் பற்றி நீ ஏன் எழுதவில்லை?

முதலில் சுகமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கால் பரபரக்க ஆரம்பித்தது. ஒருவன் பந்தைத் தப்பாகக் கடத்தினான், நான் பாதி எழுந்துவிட்டேன். பந்து ஒருமுறை உருண்டு என் பக்கம் வந்தது. உயிரே வந்த மாதிரி கையை நீட்டினேன். "சார், நீங்க உக்காருங்க, நாங்க எடுத்துக்கறோம்" என்று ஒரு பையன் மரியாதையாகக் குனிந்து எடுத்துப் போனான். அந்த மரியாதையில் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! அப்புறம் ஒருவன் வந்து மெதுவான குரலில், "உடம்பு சரியில்லையா சார்?" என்றான். நல்லாத்தான் இருக்கேன் என்று கத்தினேன். அதற்குப் பிறகு யாரும் என் பக்கம் திரும்பவில்லை. என் குரல் கேட்காமல் அந்த மைதானத்தில் ஒரு பொழுது போனதில்லை, தெரியுமா உனக்கு? பீரியட் முடிவதற்குள் நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள். ஷூவை எடுக்க வந்தபோதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாளிலிருந்து அதையே பாடமாக வைத்துவிட்டேன். என்னிடம் படிக்கிற ஒவ்வொருவரும் ஒரு வாரம் செருப்புக் காவல் இருக்க வேண்டும். எழுந்திருக்கக் கூடாது, பந்தைத் தொடக் கூடாது. ஸ்கோர் நோட்டும் விசிலும் உண்டு, குறை வைக்கவில்லை. வாலிபால் ஆடுகிற நெட்டையன் பொழுது போகாமல் அத்தனை ஷூக்களின் கயிற்றையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வைத்துவிட்டான், அவிழ்ப்பதற்குள் அடுத்த பீரியடே போய்விட்டது. சூறாவளி இரண்டாம் நாள் என் அறைக்கு வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர். "சார், மைதானத்தைச் சுத்தி எத்தனை ரவுண்டு வேணும்னாலும் ஓடறேன். இந்தத் தண்டனை மட்டும் வேணாம்" என்றாள். "தண்டனை இல்லம்மா. நாளைக்கு உன் வகுப்புல யாரை அங்க உக்கார வைப்பேன்னு யோசி" என்றேன். அவள் திரும்பிப் போய்ப் பாக்கி நாளையும் உட்கார்ந்து முடித்தாள்.

அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கையேட்டில் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. மாதிரி வகுப்புக்கு வருகிற ஆறாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். உன்னைப் போலவே காலில் இரும்பு மாட்டி, கையில் கோல். எதற்கெடுத்தாலும் வாதம் செய்வதால் வக்கீல் என்று கூப்பிடுகிறார்கள். அவளை நான் என்ன செய்யட்டும்?

குளித்து முடித்தால் எழுது.

அண்ணன்


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

குளித்துவிட்டேன்.

ஷூக்கயிறு முடிச்சைப் படித்து நான் சிரித்த சிரிப்பில், பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த முன்பல் கை நழுவி மேஜைக்கு அடியில் போய்விட்டது. லேபே மண்டியிட்டுத் தேடியது. பல்லை இழந்தவரிடம் அந்தப் பல்லையும் இழந்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது என்று முதலாளி நடுங்கினார். கிடைத்துவிட்டது.

என் அண்ணன் கல்லில் உட்கார்ந்தான் என்று படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்கு யாரும் சொல்லவில்லை, நீயாகப் போய் உட்கார்ந்தாய். இது போதும் எனக்கு.

அவளை என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்கிறாய். அவளிடம் கேட்டாயா? நான் எப்படி இருந்தேன் என்றுதான் எனக்குத் தெரியும். அவள் எப்படி என்று எனக்கு எப்படித் தெரியும்? வக்கீல் என்று பெயர் வாங்கியவள் வாய் திறந்து சொல்ல மாட்டாளா?

ஒன்று மட்டும் நான் சொல்ல முடியும். நம் வீட்டுப் பின்சுவரில் பந்தெறிந்து பிடிப்போமே, ஞாபகம் இருக்கிறதா? ஒருவர் எறிய வேண்டும், சுவரில் பட்டுத் திரும்புவதை மற்றவர் பிடிக்க வேண்டும், விட்டால் எறிந்தவருக்குப் புள்ளி. நான் கோலை ஊன்றிக்கொண்டு ஒற்றைக் கையால் பிடிப்பேன். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் நீ சரியாக ஒரு பந்தை நழுவவிடுவாய், நான் ஜெயித்துவிடுவேன். ஒரு நாள் தவறியதில்லை.

எனக்கு அப்போதே தெரியும் அண்ணா. பள்ளி டீமுக்கே கேப்டன், அவன் கையில் வந்த பந்து எப்படி நழுவும்? இருந்தாலும் உள்ளே போய், "அம்மா, அண்ணனை ஜெயிச்சுட்டேன்" என்று சத்தம் போடுவேன். வாசலில் நின்று அதைக் கேட்கும்போது உன் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அதற்காகத்தான் சத்தம் போட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு நீ என்ன வேண்டுமானாலும் செய். வேண்டுமென்று அவளை ஜெயிக்க மட்டும் விடாதே.

அண்ணிக்கு என் அன்பு. பத்தியை எடுத்ததற்கு அவர் என்ன சொன்னார்?

உன் தங்கை


ஆகஸ்ட் 23

அன்புள்ள தங்கைக்கு,

அந்தப் பின்சுவர் விஷயத்தைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். அண்ணி சொன்னது இதுதான்: "உங்க தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க வாசிக்கிற விதத்துல எதுவுமே அழுகை வர மாதிரிதான் இருக்கும்."

வக்கீலிடம் கேட்டேன். கேட்டேனா, விசாரணைக்கு ஆளானேனா என்று தெரியவில்லை.

"உனக்கு என்னம்மா விளையாடப் பிடிக்கும்?"

"எதுக்குக் கேக்கறீங்க சார்? எல்லாரையும் கேட்டீங்களா, என்னை மட்டுமா?"

எல்லோரையும் கேட்கப் போகிறேன் என்று அந்த நிமிஷமே முடிவு செய்து, எல்லாரையும்தான் என்றேன். அப்புறம்தான் பதில் வந்தது. "எனக்கு எறிய வரும். நல்லா எறிவேன்." சூறாவளி ஒரு பந்தைக் கொடுத்தாள். அந்தப் பொடிப்பெண் கோலை இடுப்பில் சாய்த்துக்கொண்டு எறிந்தாள் பார், நெட்டையன் பின்னால் போய்க்கொண்டே இருந்தான். எனக்கு உன் வலது கை ஞாபகம் வந்தது.

அதிலிருந்து ஓர் ஆட்டம் உண்டாயிற்று. என் மாணவர்களும் அந்த வகுப்பும் சேர்ந்து உண்டாக்கியது. மைதானத்தின் இரண்டு முனையிலும் சுண்ணாம்பில் ஒரு வட்டம். வட்டத்தில் நிற்பவர் வெளியே வரக் கூடாது. அவர் எறிந்து, எதிரே தொங்கும் வளையத்துக்குள் பந்து போனால்தான் புள்ளி. எதிரணியில் ஒருவர் வட்டத்துக்கு வெளியே நின்று தடுக்கலாம், கோட்டைத் தொட்டால் தப்பு. மற்றவர்கள் பந்தை எறிந்து கைமாற்றி வட்டத்துக்குக் கொண்டு வர வேண்டும், பந்து கையில் இருக்கும்போது யாரும் ஓரடிகூட நகரக் கூடாது. எவ்வளவு வேகமாக ஓடினாலும் வட்டத்தில் இருப்பவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

வக்கீலை நிரந்தரமாக வட்டத்தில் நிறுத்தலாம் என்று நான் சொன்னதும் அவள் கோலைத் தட்டினாள். "அப்ப அது எனக்காகப் பண்ணின விளையாட்டு ஆயிடும். எல்லாரும் மாத்தி மாத்தி நிக்கட்டும். என் முறை வரும்போது நான் நிக்கறேன், மத்த நேரம் வெளிய நடந்துக்கறேன்." ஸ்கோர் எழுதுவதும் அப்படித்தான், முறை வைத்து எல்லோருக்கும் வருகிறது. அதில் கணக்கு தப்புத் தப்பாக வருகிறது, ஆனால் பரவாயில்லை.

கையேட்டில் காலியாக இருந்த இடம் நிரம்பிவிட்டது. "ஓட இயலாத மாணவர் இருந்தால் ஆட்டத்தை மாற்றுங்கள். எப்படி மாற்றுவது என்று அவரையும் சேர்த்து வகுப்பைக் கேளுங்கள்." அவ்வளவுதான் எழுதினேன்.

மாதிரி வகுப்பு செப்டம்பர் பதினாறு. நீ கட்டாயம் வர வேண்டும். முன்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறேன்.

காலைப் பார்த்துக்கொள். படியில் அவசரப்படாதே.

அண்ணன்


செப்டம்பர் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

வர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, "இவர்தான் என் தங்கை" என்று நீ மைக்கில் தழுதழுப்பாய், எல்லோரும் என் காலைப் பார்த்துவிட்டுக் கைதட்டுவார்கள். உட்கார்ந்து பார்த்தது போதும் எனக்கு.

உனக்குப் பதற்றமாக இருக்கும் என்று தெரியும். விசிலை ஊதிக்கொண்டே இருக்காதே. உன் மாணவர்கள் அதற்குத்தானே படித்திருக்கிறார்கள், அவர்களை நடத்த விடு. எப்படியானாலும் நீ என் அண்ணன், லேபில் எல்லோரிடமும் ஏற்கெனவே பீற்றிக்கொண்டாகிவிட்டது.

அந்தப் படிக்கட்டு வரியை மட்டும் இனி எழுதாதே. விவரம் தெரிந்த நாளிலிருந்து படி ஏறுகிறேன்.

உன் தங்கை


செப்டம்பர் 18

அன்புள்ள தங்கைக்கு,

நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

மூன்று அதிகாரிகள் வந்தார்கள். பந்தல் நிழலில் மேஜை, மேஜைமேல் தண்ணீர் பாட்டில். முதல்வர் அவர்கள் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றார். நீ சொன்ன மாதிரி விசிலைக் கழற்றிச் சூறாவளியிடம் கொடுத்துவிட்டேன். அவள் வகுப்பை நடத்திய அழகை நீ பார்க்க வேண்டும். ஒரு பிள்ளைகூடச் சும்மா நிற்கவில்லை. எந்தப் பிள்ளை ஒதுங்குகிறது என்று தேடித் தேடிப் போய்ப் பந்தைக் கொடுத்தாள். மரத்தடியில் யாரும் இல்லை. செருப்புகள் மட்டும் கிடந்தன, யாரும் காக்கவில்லை, ஒன்றும் காணாமல் போகவில்லை.

ஆட்டம் கடைசிக்கு வந்தபோது இரண்டு அணியும் சமம். வட்டத்தில் வக்கீல். பந்து அவள் கைக்கு வந்தது. வகுப்பே கத்துகிறது. எறிந்தாள். வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே தெறித்துவிட்டது. எதிரணி அதைப் பிடித்து, அவர்கள் வட்டத்துக்குக் கொண்டுபோய் வளையத்தில் போட்டுவிட்டார்கள். ஆட்டம் முடிந்தது. தோல்வி.

வக்கீல் வாய்விட்டு அழுதாள். "அவ கோட்டைத் தொட்டா! தடுத்தவ கால் கோட்டுல இருந்துச்சு!" என்று கோலால் தரையைக் குத்தினாள். சூறாவளி போய்க் குனிந்து சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள். எங்கும் கலையவில்லை.

பெரிய அதிகாரி எழுந்துவிட்டார். "என்ன சார் இது? பாவம், அந்தப் பொண்ணை அழ வெச்சுட்டீங்களே. ஒரு புள்ளி குடுத்தா என்ன குறைஞ்சு போகும்?" முதல்வர் முகம் வெளுத்துவிட்டது. சூறாவளி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் ஒரு தலையசைப்பு அசைத்தால் போதும், புள்ளி கொடுத்துவிடுவாள், எல்லோரும் கைதட்டுவார்கள், கையேடு அச்சுக்குப் போய்விடும். நம் வீட்டுப் பின்சுவர்தான் கண்ணில் வந்தது. நான் தலையசைக்கவில்லை. சூறாவளி நிமிர்ந்து, "கோட்டைத் தொடலை. ஆட்டம் முடிஞ்சுது" என்று விசில் ஊதினாள்.

அதிகாரி நேராக மைதானத்துக்குள் இறங்கினார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து வக்கீலிடம் நீட்டி, "அழாத கண்ணு. நீ ஜெயிச்ச மாதிரியே வெச்சுக்கலாம்" என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எப்படி சார் வெச்சுக்கறது? தோத்துட்டோம். போர்டுல எழுதியிருக்கு பாருங்க. நாளைக்கு மறுபடி ஆடணும், அதுக்குச் சொல்லுங்க."

அந்தப் பக்கமிருந்து ஒருத்தி, "நாளைக்கும் தோப்பே!" என்று கத்தினாள். "வாடி, பாக்கலாம்!" என்று இவள் திருப்பிக் கத்தினாள். அதிகாரி நீட்டிய பேனாவோடு அப்படியே நின்றார். அதற்குள் தண்ணீர்க் குழாய்க்கு எல்லோரும் ஓடிவிட்டார்கள். வக்கீலும் போனாள். முகம் சிவந்து, தலை கலைந்து, சட்டை முதுகோடு ஒட்டி, கோலைக் குறுக்கே நீட்டி இரண்டு பேரை மறித்துவிட்டுக் குழாயில் வாயை வைத்தாள். அவளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள், அவள் விடவில்லை. நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, அழுதேன். அண்ணிக்குச் சொல்லாதே.

பிறகு மேஜையில் பேச்சுவார்த்தை. "ஸ்கோர் எழுதற வேலை பத்தி முன்னாடி ஒரு பத்தி அனுப்பியிருந்தீங்களே, அது நல்லாத்தானே இருந்துச்சு. அதைச் சேத்துடுங்களேன்" என்றார் அதிகாரி.

"முடியாது சார். என் தங்கச்சி ஒத்துக்க மாட்டா."

"தங்கச்சி எந்த ஆபீஸ்ல இருக்காங்க?"

"பல் கட்டற லேப்ல சார்."

அவர் சிரித்துவிட்டார். முதலில் சில பள்ளிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டார். எல்லாப் பள்ளிக்கும் என்று நான் ஆசைப்பட்டேன், இப்போதைக்கு இவ்வளவுதான். போகும்போது, "அந்தப் பொண்ணுங்க நாளைக்கு ஆடுவாங்களா?" என்று கேட்டார். மறுநாள் ஆடினார்கள். அவர் வந்து பார்த்தார். வக்கீல் அன்றும் தோற்றாள், இன்று ஜெயித்தாள்.

அக்டோபர் விடுமுறையில் வருகிறேன். பந்து கொண்டு வருகிறேன். உங்கள் லேபுக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது அல்லவா?

அண்ணன்


அக்டோபர் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? பந்துக்குப் பாய்ந்து இடித்துக்கொண்ட முழங்கால் எப்படி இருக்கிறது? பஸ்ஸில் ஏறும்போது நீ நொண்டியதை இவர் பார்த்துவிட்டு, "குடும்பத்துக்கே வந்துடுச்சு" என்று சொல்லிச் சிரிக்கிறார். நானும் சிரித்தேன்.

நீ கிளம்பிய பிறகு முதலாளி என்னைக் கேட்டார். "என்னம்மா, உங்க அண்ணன் விட்டுக்கொடுக்காம இப்படித் தோக்கடிச்சுட்டுப் போறாரே?" மற்றவர்களும் அதையேதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். லேப் பின்சுவரில் மூன்று ஆட்டம், மூன்றிலும் எனக்குத் தோல்வி, அதுவும் படுதோல்வி. அரக்கன் மாதிரி எறிந்தாய். ஒரு பந்தைக்கூட நழுவவிடவில்லை. "ஆமா சார், தோத்துட்டேன்! எங்க அண்ணன்கிட்ட யாரால சார் ஜெயிக்க முடியும்?" என்றேன். நான் அதைச் சொன்ன விதத்தைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இவளுக்குப் பைத்தியம்தான் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

அன்றைக்கு நான் எவ்வளவு தண்ணீர் குடித்தேன் என்று பார்த்தாய் அல்லவா?

அம்மா இருந்திருந்தால் உள்ளே போய்ச் சத்தம் போட்டிருப்பேன். அம்மா, அண்ணன் என்னை ஜெயிச்சுட்டான் என்று. என் அண்ணன் கல்லில் உட்கார்ந்தவன், அதிகாரிக்கு எதிரே தலையசைக்காமல் நின்றவன், வாத்தியார்களை உண்டாக்குகிறவன். நான் அவனோடு ஆடித் தோற்றவள். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

இப்போது தினமும் சாப்பாட்டு இடைவேளையில் அந்தச் சுவரில் எறிந்து பழகுகிறேன். லேபிலும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். உனக்கு இடது பக்கம் தாழ்வாக வருகிற பந்து தடுமாறுகிறது, நான் கவனித்து வைத்திருக்கிறேன். டிசம்பரில் வா. சூறாவளியையும் வக்கீலையும் கேட்டதாகச் சொல். கையேடு வந்ததும் எனக்கு ஒன்று அனுப்பு, முதலாளி மேஜையில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைக்க வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு. காலைப் பார்த்துக்கொள். படியில் அவசரப்படாதே.

உன் தங்கை